விசித்திர மண்டை ஓடு: கதையில் வரும் விலங்கா, தெரிந்த விலங்கா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காட்டோரத்தில், ஆற்று மணலில், பழைய வீட்டுப் பரணில் ஒரு மண்டை ஓடு கிடைக்கிறது. பார்ப்பவர்கள் ஆளுக்கொரு பெயர் வைக்கிறார்கள்: ஒற்றைக்கண் அரக்கன், டிராகன், ரத்தம் குடிக்கும் சூப்பகாப்ரா, கடற்கன்னி. அது எந்த விலங்கு என்று கண்டுபிடிக்க விரும்புகிறவர்களுக்காக இந்தப் பக்கம். ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறோம். மண்டை ஓட்டில் இருப்பதைவிட இல்லாமல் போனதுதான் ஆளை ஏமாற்றும்: உதிர்ந்த பல், கழன்ற கொம்புறை, அழுகிப்போன மூக்குக் குருத்தெலும்பு, காணாமல் போன கீழ்த்தாடை. கீழேயுள்ள கேள்விகளில் பாதி இதைச் சுற்றித்தான் வருகிறது.

மண்டை ஓடு கண்ணில் பட்டதும் முதலில் என்ன செய்ய வேண்டும்?

எடுக்காதீர்கள். கிடக்கிறபடியே படம் பிடியுங்கள்: பத்தடி தூரத்திலிருந்து ஒன்று, அருகிலிருந்து ஒன்று, பக்கத்தில் அளவுகோல் வைத்து ஒன்று. மண்ணுக்கு மேலே இருந்ததா, புதைந்திருந்ததா, எவ்வளவு ஆழம், எந்த நாள் என்று எழுதிவையுங்கள். பிறகு சுற்றிலும் இரண்டு மூன்று மீட்டர் தேடுங்கள். கீழ்த்தாடை தனியே கழன்று கிடக்கும். முன்பற்கள் ஓட்டுக்கு நேர் கீழே மண்ணில் உதிர்ந்திருக்கும். அந்த மண்ணை 2 அல்லது 3 மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடையில் சலித்தால் பெரும்பாலும் கிடைத்துவிடும். அந்தச் சின்னப் பற்கள் இல்லாமல் எத்தனையோ ஓடுகள் பெயரில்லாமல் நின்றுவிடுகின்றன.

மனித மண்டை ஓடாக இருந்தால்?

அந்தச் சந்தேகம் துளி வந்தாலும் கையை எடுத்துக்கொண்டு காவல்துறைக்குச் சொல்லுங்கள். சலிப்பது, சுத்தம் செய்வது, படத்தை இணையத்தில் போடுவது எதுவும் வேண்டாம்.

அடையாளங்கள் இவை. முகம் தட்டையாக, நெற்றிக்கு நேர் கீழே இருக்கும். இரண்டு கண்குழிகளும் முன்னே பார்க்கும். அவற்றுக்குப் பின்னால் எலும்புச் சுவர் இருக்கும். தண்டுவடம் நுழையும் பெருந்துளை ஓட்டின் பின்புறத்தில் இல்லாமல் அடியில் இருக்கும். கீழ்த்தாடையில் முகவாய் முன்னே துருத்தும். குரங்குகளுக்கும் கண்குழிக்குப் பின்னே சுவர் உண்டு, ஆனால் முகவாய் கிடையாது, கோரைப்பல் நீளம். கைக்குழந்தையின் ஓடுதான் பலரைக் குழப்புகிறது. கண்குழி பெரிது, முகம் சிறிது, உச்சிக்குழி திறந்திருக்கும், எலும்பு காகிதம் போல மெல்லியது. "வேற்றுக்கிரக உருவம்" என்று சொல்லப்படும் ஓடு கையளவாக இருந்தால் இந்தச் சாத்தியத்தை முதலில் விலக்குங்கள். பெருவின் பராகாஸ் பகுதியில் கிடைத்த நீண்ட மண்டை ஓடுகளும் மனிதர்களுடையவைதான். குழந்தைப் பருவத்தில் தலையை இறுகக் கட்டி அப்படி வளர்த்தார்கள்.

வெறுங்கையால் தொடலாமா?

கையுறை போட்டுக்கொள்ளுங்கள். சதை ஒட்டியிருக்கும் புதிய தலையில் வெறிநோய்க் கிருமி மூளைத் திசுவில் இருக்கலாம். அதைத் தொடவே வேண்டாம். ஆடுமாடு எலும்பில் ஆந்த்ராக்ஸ் வித்துகள் பல பத்தாண்டுகள் உயிரோடு இருக்கக்கூடும். வௌவால் எச்சம் படிந்த குகையிலிருந்து எடுத்ததென்றால் முகக்கவசம் வேண்டும். பழைய பாடம் செய்த தலைகளில் ஆர்சனிக் பூசியிருப்பார்கள், அது தூசியாகவும் வரும். எலும்பா என்று பார்க்க நாக்கில் ஒட்டிப் பார்க்கும் பழைய வழக்கத்தை மறந்துவிடுங்கள்.

இது மண்டை ஓடுதானா என்பதே சந்தேகமாக இருக்கிறது. எப்படிச் சோதிப்பது?

நல்ல சந்தேகம். "கொம்புள்ள பேய்முகம்" என்று காட்டப்படுவதில் கணிசமான பங்கு இடுப்பெலும்புதான். தலைகீழாகப் பிடித்தால் அதன் இரண்டு பெரிய ஓட்டைகள் கண்களாகவும், அகன்ற இரு இறக்கைகள் கொம்பாகவோ காதாகவோ தோன்றும். பக்கவாட்டில் தொடையெலும்பு பொருந்தும் கிண்ணக்குழி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சந்தேகமில்லை, அது இடுப்பு. குதிரை, மாடு போன்றவற்றின் முதல் கழுத்தெலும்பு நடுவே ஓட்டையுடன் முகமூடி மாதிரி இருக்கும். கெளுத்தி மீனின் மண்டையை மல்லாத்தினால் கைவிரித்து நிற்கும் மனித உருவம் தெரியும். உலர்ந்த திருக்கை மீனின் அடிப்பக்கத்தில் "கண்கள்" போலத் தெரிபவை அதன் மூக்குத்துளைகள்; அந்த உடலை வெட்டி மடக்கிக் காயவைத்து பிசாசு என்று விற்றது ஐரோப்பியத் துறைமுகங்களில் நூற்றாண்டுகள் நடந்த வியாபாரம்.

மண்டை ஓடு என்றால் உள்ளே மூளைக்கான மூடிய அறை இருக்க வேண்டும், அதற்குத் தண்டுவடத் துளை வேண்டும், பற்குழியோ அலகோ வேண்டும். மூன்றில் ஒன்றும் இல்லையென்றால் வேறு எலும்பைத் தேடுங்கள்.

பாலூட்டியா, ஊர்வனவா, பறவையா, மீனா? விரைவாகப் பிரிக்க வழி?

பின்புறத்தைப் பாருங்கள். பெருந்துளையின் ஓரத்தில் கழுத்தெலும்போடு பொருந்தும் உருண்டை முண்டு பாலூட்டிகளுக்கு இரண்டு. பறவைக்கும் ஊர்வனவற்றுக்கும் ஒன்றே ஒன்று. தவளை இனத்துக்கும் இரண்டு உண்டு, ஆனால் அந்த மண்டை தட்டையாக, சன்னமாக இருக்கும்.

அடுத்தது கீழ்த்தாடை. பாலூட்டிக்குப் பக்கத்துக்கு ஒரே எலும்பு. மற்றவற்றுக்குப் பல துண்டுகள் சேர்ந்தது. முதலையின் எலும்பு மேற்பரப்பு முழுக்கக் குழிகுழியாக இருக்கும். ஆமைக்குப் பல்லே கிடையாது. உடும்பு இனங்களின் உச்சியில் ஊசிமுனை அளவுக்கு ஓர் ஓட்டை இருந்தால் அது குண்டடியோ "மூன்றாம் கண்" மாயமோ இல்லை. ஒளியை உணரும் உறுப்புக்கான இயல்பான துளை. பறவையின் அலகுக்கு மேலே கொம்புப்பொருள் உறை ஒன்று உண்டு. அது கழன்றால் வளைந்த கூர்முனை போய் அலகு மொட்டையாகி, கழுகைக் கழுகென்று சொல்ல முடியாமல் போகும்.

பற்களை எண்ணச் சொல்கிறார்கள். எப்படி எண்ணுவது?

ஒரு பக்கத்தை மட்டும் எண்ணுங்கள். முன்னிருந்து பின்னோக்கி வெட்டுப்பல், கோரைப்பல், முன்கடைவாய்ப்பல், கடைவாய்ப்பல் என்ற வரிசையில், மேலும் கீழும் தனித்தனியாக. நாய்க்கு மேலே 3-1-4-2, கீழே 3-1-4-3. கூட்டி இரண்டால் பெருக்கினால் 42. ஓநாய், நரி, கரடி எல்லாமே 42தான். பூனைக் குடும்பத்துக்கு 30, சிங்கத்துக்கும் வீட்டுப் பூனைக்கும் அதே கணக்கு. ரக்கூனுக்கு 40, பன்றிக்கு 44, முயலுக்கு 28, எலிக்கு 16. மாடு, ஆடுகளுக்கு 32, ஆனால் மேல்முன் பற்களே இல்லை.

தவறு நேரும் இடங்கள் மூன்று. பல் விழுந்த ஓட்டில் குழியைத்தான் எண்ண வேண்டும்; ஆனால் மூன்று வேர் உள்ள கடைவாய்ப்பல் மூன்று குழியை விட்டுப்போகும், அதை மூன்று பல் என்று எண்ணினால் உலகில் இல்லாத விலங்கு கிடைக்கும். இரண்டாவது, வயதான விலங்கில் பல் விழுந்த குழி எலும்பால் மூடியிருக்கும், எண்ணிக்கை குறையும். மூன்றாவது, குட்டிகளில் பால்பல்லுக்கு அடியில் நிரந்தரப்பல் காத்திருக்கும். தாடை உடைந்த இடத்தில் அது வெளியே தெரிந்தால் "இரட்டைப் பல் வரிசை" என்று சொல்லிவிடுவார்கள்.

எண்ணிக்கை குடும்பத்தைச் சொல்லும். இனத்தைச் சொல்ல வடிவமும் அளவும் வேண்டும்.

நெற்றி நடுவே ஒரே ஒரு பெரிய ஓட்டை. ஒற்றைக்கண் அரக்கன்தானே?

யானையாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். யானை மண்டை ஓட்டின் முன்புறம் நடுவில் உள்ள பெரிய திறப்பு மூக்கு, தும்பிக்கை தொடங்கும் இடம். உண்மையான கண்குழிகள் இரு பக்கமும் ஒதுங்கி, முழு வளையமாக மூடாமல் இருப்பதால் கண்ணிலேயே படாது. கீழே இரு பக்கமும் தந்தம் பொருந்தும் குழல்கள், உடைந்த இடத்தில் தேன்கூடு போன்ற காற்றறைகள், குறுக்கு வரிகள் கொண்ட அரைக்கல் போன்ற பெரிய கடைவாய்ப்பல்: மூன்றும் இருந்தால் மேலே யோசிக்க ஒன்றுமில்லை.

சிசிலித் தீவில் பழைய காலத்தில் தோளுயரம் ஏறக்குறைய 1 மீட்டரே கொண்ட குட்டை யானைகள் வாழ்ந்தன. கிரேக்கக் கதைகளின் ஒற்றைக்கண் அரக்கனான சைக்ளோப்ஸ் அந்த ஓடுகளைப் பார்த்தே பிறந்தது என்று ஒத்தேனியோ ஏபெல் என்ற தொல்லுயிரியலாளர் 1914இல் ஊகித்தார். அழகான ஊகம். ஊகம் என்பதோடு நிறுத்திக்கொள்வதே நேர்மை.

சிறிய ஓடு என்றால் ஒரு சோதனை. ஓட்டைக்குள் டார்ச் அடியுங்கள். மூக்கு என்றால் வழி பின்னோக்கிச் சென்று அண்ணத்துக்குப் பின்னால் தொண்டைப்பக்கம் திறக்கும். கண்குழி என்றால் உட்சுவர் மூடி, நரம்பு போகும் சிறு துளை மட்டும் இருக்கும்.

அப்படி உண்மையிலேயே நடுவில் ஒரே கண்குழி இருப்பதும் உண்டு. கருவில் முகம் இரண்டாகப் பிரியாமல் போகும் குறைபாடு அது. அமெரிக்க மேற்குப் பகுதியில் வெராட்ரம் கலிபோர்னிகம் என்ற செடியைச் சினை ஆடுகள் 14ஆம் நாள் வாக்கில் தின்றால் ஒற்றைக்கண் குட்டி பிறக்கும் என்று கண்டறிந்தார்கள். காரணமான வேதிப்பொருளுக்கு சைக்ளோபமைன் என்றே பெயர். இந்தக் குட்டிகள் பிறந்த உடனே இறந்துவிடும். ஆகவே வளர்ந்த பல்லோடு ஒற்றைக் கண்குழி உள்ள ஓடு என்று யாராவது காட்டினால், ஓட்டைவிட காட்டுபவரைச் சந்தேகிக்கலாம்.

ஒற்றைக் கொம்பு இருக்கிறது. கொம்பு உண்மையானதா என்று எப்படிப் பார்ப்பது?

கொம்பு எந்த வகை என்று முதலில் பிரியுங்கள். ஆடு, மாடு: உள்ளே எலும்புத்தண்டு, மேலே உறை. அழுகும்போது உறை கழன்று, துளைகள் நிறைந்த குட்டையான தண்டு மட்டும் நிற்கும். மான்: முழுவதும் எலும்பு, அடியில் சொரசொரப்பான வளையம், ஆண்டுதோறும் உதிரும். காண்டாமிருகம்: உள்ளே எலும்பே இல்லை; அழுகினால் கொம்பு முழுதாகக் கழன்று, மூக்கெலும்பில் கரடுமுரடான திட்டு மட்டும் மிஞ்சும். யூனிகார்ன் எனும் கதைக் குதிரையின் ஒற்றைக் கொம்பு என்று ஐரோப்பிய அரசவைகளில் பொன்னுக்கு மேலாக மதிக்கப்பட்டது நார்வால் திமிங்கிலத்தின் முறுக்கிய பல். டென்மார்க்கின் ஓலே வோர்ம் 1638இல் அதை வெளிப்படுத்தினார்.

ஒட்டுவேலையா என்று பார்க்க, கொம்பின் அடியில் பத்து மடங்கு பெருக்கும் கண்ணாடி வைத்துப் பாருங்கள். இயற்கையான கொம்புத்தண்டு நெற்றியெலும்போடு இடைவெளி இல்லாமல் கலக்கும். பசை, மண்பூச்சு, திருகாணி இருந்தால் எக்ஸ்ரேயில் சட்டென்று தெரியும். கொம்பு முளைத்த முயல் என்று சுவரில் மாட்டப்படும் ஜாக்கலோப் எல்லாம் மான் கொம்பை ஒட்டியது. முயலுக்கு வைரஸால் கொம்பு போன்ற கட்டிகள் வருவது உண்மை, ரிச்சர்ட் ஷோப் 1933இல் அதை விவரித்தார். ஆனால் அவை தோலில் வளர்பவை, எலும்பில் எந்தத் தடமும் இருக்காது.

ஒட்டாமலும் ஒற்றைக் கொம்பு வரலாம் என்பதுதான் வேடிக்கை. 1933இல் அமெரிக்காவின் மெய்ன் பல்கலைக்கழகத்தில் ஃபிராங்க்ளின் டவ் என்பவர் பிறந்து ஒரு நாளான காளைக்கன்றின் இரு கொம்பு மொட்டுகளையும் நெற்றி நடுவுக்கு மாற்றிவைத்தார். கொம்பு மொட்டு முதலில் தோலில்தான் இருக்கும், பிறகே எலும்போடு சேரும். கன்று ஒற்றைக் கொம்போடு வளர்ந்தது. அப்படியொரு ஓடு எக்ஸ்ரேயில் குறையே காட்டாது; பல்லைப் பார்த்தால் மாடு என்று தெரிந்துவிடும்.

கோரைப்பல் பயங்கர நீளம். சூப்பகாப்ரா என்கிறார்களே?

சூப்பகாப்ராக் கதை 1995இல் போர்ட்டோ ரிக்கோவில் கிளம்பியது: இரண்டு காலில் நடக்கும், முதுகில் முட்கள். டெக்சாஸுக்கு வந்தபோது அது மயிரில்லாத நாய் உருவமாகிவிட்டது. 2007இல் அங்கே க்வேரோ என்ற ஊரருகே கிடைத்த தலையைச் சோதித்ததில் தாய்வழி கயோட்டி, அதாவது வட அமெரிக்கக் காட்டுநாய், என்று வந்தது. பிந்தைய சோதனை தந்தைவழியில் மெக்ஸிகோ ஓநாயைக் காட்டியது. மயிர் கொட்டியதற்குப் பொதுவான காரணம் சொறி உண்ணி. சொறி தோலை மாற்றும், மண்டை ஓட்டை மாற்றாது. அதனால் உடலைப் பார்த்துக் குழம்பிய இடத்தில் ஓட்டைப் பார்த்தால் தெளிவு வரும்: 42 பல், நீண்ட முகம் என்றால் நாய்க் குடும்பம்.

பல் நீளமாகத் தெரிவதற்குக் காரணம் ஈறு இல்லாததுதான். பல்லில் பளபளக்கும் எனாமல் முடிந்து மங்கலான வேர் தொடங்கும் கோட்டைத் தேடுங்கள். அந்தக் கோடு குழியின் விளிம்புக்கு வெகு கீழே இருந்தால் பல் காய்ந்து சுருங்கிக் குழியிலிருந்து வழுகி இறங்கியிருக்கிறது. மெல்ல உள்ளே தள்ளினால் "கத்திப்பல்" சாதாரணப் பல்லாகிவிடும்.

மேலே இரண்டு நீளக் கோரைப்பல் இருக்க, மேல்முன் பற்களே இல்லையா? கஸ்தூரி மான் அல்லது சீன நீர்மான் ஆண். புல் தின்கிற பிராணி.

முகமே இல்லை, மூக்கே இல்லை, நெற்றி மட்டும் உருண்டை. இது என்ன?

பக், புல்டாக், பெர்சியப் பூனை போன்ற தட்டைமுக வளர்ப்பினங்களைச் சந்தேகியுங்கள். சிவாவா நாய்க்கு வளர்ந்த பிறகும் உச்சியில் ஓட்டை மூடாமல் இருப்பது சகஜம். ஓட்டையின் விளிம்பு மெலிந்து வழுவழுப்பாக இருந்தால் இயல்பானது. கூராக உடைந்திருந்தால் அடி.

கடற்கரையில் ஒதுங்கியதற்கு ஏன் இத்தனை கதை?

கடலில் பிணம் ஒழுங்காக அழுகாது. மென்மையானது முதலில் போகும். பாஸ்கிங் சுறாவுக்குத் தாடையும் செவுள்களும் விழுந்துவிட்டால் சிறு தலையும் நீளக் கழுத்தும் கொண்ட பழங்கால ஊர்வன போல மிஞ்சும். 1977இல் நியூசிலாந்து அருகே சூயோ மாரு என்ற ஜப்பானியக் கப்பல் தூக்கிய உடல் அப்படித்தான் உலகச் செய்தியானது. உடலைக் கடலில் போட்டுவிட்டார்கள். எடுத்துவைத்த நார்களின் அமினோ அமிலம் சுறாவோடு ஒத்துப்போனது. 2008இல் லாங் ஐலண்ட் கரையில் "அலகுள்ள அரக்கன்" என்று பேசப்பட்டது ரக்கூன். மூக்கும் உதடும் அழுகி, முன்முக எலும்பு துருத்தியதைத்தான் அலகு என்றார்கள்.

டால்பின் மண்டையும் அலகுள்ள பறவை போல இருக்கும். மூக்குத்துளை உச்சியில் இருக்கிறதா, மேலிருந்து பார்த்தால் வலமும் இடமும் சமமில்லாமல் கோணியிருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் கோணல் நோயில்லை; பல்லுள்ள திமிங்கிலங்களுக்கு அதுதான் இயல்பு.

கல்லாக மாறியிருக்கிறது. டிராகனா?

ஆஸ்திரியாவின் கிளாகன்ஃபுர்ட் நகரில் 1335இல் கிடைத்த மண்டை ஓட்டை டிராகன் தலை என்று பாதுகாத்தார்கள். 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் நகரச் சதுக்கத்து டிராகன் சிலைக்கும் அதுவே மாதிரி. அது கம்பளிக் காண்டாமிருகம். கொம்பு கழன்றுபோனதால் யாருக்கும் தெரியவில்லை. 1726இல் சுவிட்சர்லாந்தின் ஷாய்க்சர் ஒரு புதைபடிவத்தை ஊழிவெள்ளத்தில் மாண்ட மனிதன் என்று எழுதினார். 1811இல் பிரெஞ்சு விலங்கியலாளர் கூவியே கல்லைக் கொஞ்சம் செதுக்கி, புதைந்திருந்த முன்கால்களை வெளியே கொண்டுவந்தார்: ராட்சத சாலமாண்டர், பல்லி போன்ற உருவமுள்ள நீர்நில வாழ்வி.

புதைபடிவம் அளவுக்கு மீறிக் கனக்கும், தட்டினால் கல்லோசை தரும். ஆனால் நிறத்தை நம்பாதீர்கள். சதுப்பு மண்ணில் சில ஆண்டு கிடந்த மாட்டெலும்பே கருத்துவிடும். ஒட்டியிருக்கும் பாறையைச் சுரண்டாதீர்கள். வயதைச் சொல்லப்போவது அதுதான்.

போலியைக் கண்டுபிடிப்பது எப்படி?

எளிதிலிருந்து கடினத்துக்குப் போங்கள்.

எலும்புக்கும் பல்லுக்கும் பளபளப்பு வேறு, நிறம் வேறு. பிசினில் வார்த்ததில் இரண்டும் ஒரே பொருளாகத் தெரியும். அச்சு சேர்ந்த கோடு, ஊசிமுனைக் குமிழிகள் தேடுங்கள். உண்மை ஓட்டில் எலும்புகள் சேரும் பொருத்துக்கோடுகள் நெளிந்து நெளிந்து உள்ளே வரை போகும். இருட்டறையில் புற ஊதா டார்ச் அடித்தால் எலும்பு நீலம் கலந்த வெள்ளையாக ஒளிரும். பூச்சும் ஒட்டுப்பசையும் வேறு நிறத்தில் திட்டுத்திட்டாக நிற்கும். சுட்ட ஊசியால் குத்திப் பார்ப்பது ஓட்டைக் கெடுக்கும், வேண்டாம்.

இரண்டு விலங்கைச் சேர்த்த போலியில் வேலை எங்கே நடந்தது என்று தெரிய வேண்டுமானால், எது வசதியாக உடைந்திருக்கிறது என்று கேளுங்கள். ஆதிமனிதன் என்று 1912இல் அறிவித்து 1953இல் அம்பலமான பில்ட்டவுன் மனிதன், மனித மண்டையும் ஒராங்குட்டான் தாடையும் சேர்ந்தது. தாடையில் மண்டையோடு பொருந்தும் முண்டு மட்டும் வசதியாக உடைந்து காணாமல் போயிருந்தது. இருந்திருந்தால் பொருந்தாது என்று முதல் நாளே தெரிந்திருக்கும். பற்களையும் அரத்தால் ராவியிருந்தார்கள். குரங்கையும் மீனையும் தைத்தது என்று காலங்காலமாகச் சொல்லப்பட்ட கடற்கன்னிகளில் லண்டன் ஹார்னிமன் அருங்காட்சியகத்தில் உள்ளதை ஸ்கேன் செய்தபோது குரங்கெலும்பே இல்லை: மீன், மரம், கம்பி, களிமண், காகிதக்கூழ். போலி என்று சொல்லும்போதும் சோதித்துத்தான் சொல்ல வேண்டும்.

எலும்பு அசல், விலங்கும் உறுதி. அதோடு முடிந்ததா?

இல்லை. அது அங்கேயே செத்ததா என்ற கேள்வி தனி. இங்கிலாந்தின் பாட்மின் மூர் பகுதியில் கருஞ்சிறுத்தை உலாவுகிறது என்ற பேச்சு வெகுகாலம். 1995இல் அரசு விசாரணை, உறுதியான சான்றில்லை என்றது. சில நாளிலேயே ஃபோவி ஆற்றில் ஒரு மண்டை ஓடு கிடைத்தது. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் பார்த்து, இளம் ஆண் சிறுத்தை என்றது. அசல்தான். ஆனால் பின்மண்டை சீராக வெட்டப்பட்டிருந்தது, தோலோடு தலையை வைத்து விரிப்பு செய்யும்போது வெட்டுவது போல. உள்ளே வெப்பமண்டலக் கரப்பான்பூச்சியின் முட்டைக்கூடு. அந்தக் கரப்பான் இங்கிலாந்தின் ஆற்றங்கரையில் வாழாது. யாரோ கழுவித் துடைத்துக் கொடுத்திருந்தால் அந்தக் கூடு போயிருக்கும்.

அப்படியானால் சுத்தம் செய்யவே கூடாதா?

படமும் டிஎன்ஏ மாதிரியும் எடுத்த பிறகு செய்யலாம். உள்ளறையிலிருந்து விழும் மண், பூச்சிக்கூடு, வேர் அனைத்தையும் காகித உறையில் போட்டுவையுங்கள். பிளாஸ்டிக் பையில் பூஞ்சை வரும்.

கொதிக்க வைக்காதீர்கள்: பல் விரியும், கொழுப்பு எலும்புக்குள் இறங்கி மஞ்சளாகும், மெல்லிய மூக்கெலும்பு சிதறும். குளோரின் பிளீச்சும் கூடாது, அது எலும்பை மாதக்கணக்கில் தின்றுகொண்டேயிருக்கும். மூடியுள்ள வாளியில் வெதுவெதுப்பான நீரில் ஊறவிட்டுச் சில நாளுக்கொருமுறை பாதி நீரை மாற்றினால் இரண்டு முதல் நான்கு வாரத்தில் சதை கழன்றுவிடும். நீரைச் சல்லடை வழியாகவே ஊற்றுங்கள், பல் போய்விடும். பிறகு பாத்திரம் கழுவும் திரவம் கலந்த நீரில் கொழுப்பு நீங்கும் வரை. வெளுக்க 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடில் ஓரிரு நாள் போதும். நாற்றம் வரும், அதற்கு மாற்று மருந்து கிடையாது.

நிபுணருக்குப் படம் அனுப்ப எப்படி எடுக்க வேண்டும்?

ஆறு பக்கம்: மேல், கீழ், வலம், இடம், முன், பின். கீழ்த்தாடையைப் பிரித்து மேலிருந்தும் பக்கத்திலிருந்தும். பல் வரிசை நெருக்கத்தில். கைபேசியை அருகில் வைத்தால் முன்னிருக்கும் மூக்கு ஊதிப் பெரிதாகும்; ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று ஜூம் செய்யுங்கள். அளவுகோலைத் தரையில் வைக்காமல் ஓட்டின் பாதி உயரத்துக்கு உயர்த்தி வையுங்கள், இல்லாவிட்டால் ஓடு நிஜத்தைவிடப் பெரிதாகக் காட்டும். நாணயம், தீப்பெட்டி அளவுக்கு உதவாது. மூக்கு நுனியிலிருந்து பின்முண்டு வரை நீளம், கன்ன வளைவுகளுக்கிடையே அதிகபட்ச அகலம், கடைவாய்ப்பல் வரிசையின் நீளம் மூன்றையும் காலிப்பரால் அளந்து மில்லிமீட்டரில் எழுதுங்கள். யார் என்ன பெயர் சொன்னார்கள் என்பதைக் கடிதத்தின் கடைசியில் எழுதலாம்.

டிஎன்ஏ சோதனை எல்லாவற்றையும் சொல்லிவிடாதா?

எதைக் கேட்கிறோமோ அதைத்தான் சொல்லும். வழக்கமான சோதனை செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்டிரியா என்ற உறுப்பின் டிஎன்ஏவைப் படிக்கிறது. அது தாய்வழி மட்டும். கலப்பினமென்றால் தந்தை தெரியாது, க்வேரோ தலையில் நடந்தது அதுதான். மாதிரிக்குச் சிறந்த இடம் பல்லின் வேர் அல்லது உட்காதைச் சுற்றியுள்ள கெட்டி எலும்பு. வெயிலில் வெளுத்த தகட்டெலும்பில் ஒன்றும் மிச்சமிருக்காது. வெறுங்கையால் தொட்ட மாதிரியில் "மனிதன்" என்று வருவது கண்டெடுத்தவராகவே இருக்கலாம்.

முடிவில் "பொருத்தம் இல்லை" என்று வந்தால் புதிய உயிரினம் என்று அர்த்தமில்லை. டிஎன்ஏ சிதைந்துபோனாலும், தரவுத்தளத்தில் அந்த விலங்கு பதிவாகாமல் இருந்தாலும் அப்படித்தான் வரும். சரியாகச் செய்தால் எவ்வளவு தெளிவு வரும் என்பதற்கு எட்டி எனும் இமயமலைப் பனிமனிதன் கதை உதாரணம். 2017இல் சார்லட் லிண்ட்குவிஸ்ட் குழு எட்டி என்று வைத்திருந்த 9 மாதிரிகளைப் படித்தது. எட்டு கரடி, ஒன்று நாய்.

வைத்துக்கொள்ளலாமா, விற்கலாமா?

நாட்டுக்கு நாடு சட்டம் வேறு. பல காட்டுவிலங்குகளின் ஓட்டை வைத்திருப்பதே குற்றம்; எல்லை தாண்டினால் காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும், 1975 முதல் நடப்பிலுள்ள சைட்ஸ் உடன்படிக்கையும் வரும். இனம் தெரியும் முன் விற்கவோ அஞ்சலில் அனுப்பவோ வேண்டாம்.

நிபுணராலும் சொல்ல முடியவில்லை. புதிய விலங்காக இருக்க வாய்ப்பே இல்லையா?

உண்டு. அபூர்வம், ஆனால் உண்டு. வியட்நாமின் வூ குவாங் காட்டுப்பகுதியில் 1992இல் வேட்டைக்காரர் வீடுகளில் மாட்டியிருந்த நேரான நீளக் கொம்புகளோடு கூடிய ஓடுகளைப் பார்த்துத்தான் சாவோலா என்ற காட்டு மாட்டினம் அறிவியலுக்குத் தெரியவந்தது. அடுத்த ஆண்டு பெயர் வைத்தார்கள். கவனியுங்கள்: ஒரே ஒரு மண்டை ஓட்டை வைத்துக்கொண்டு அடம்பிடிக்கவில்லை, ஒரே மாதிரி பல ஓடுகள் இருந்தன. ஒன்றுதான் இருக்கிறதென்றால் நோய், பிறவிக்குறை, வளர்ப்பினம் மூன்றையும் முதலில் தள்ள வேண்டும்.

ஆப்பிரிக்க யூனிகார்ன் என்று பேசப்பட்ட ஒகாப்பியின் கதையும் இதே வகை. கோடுபோட்ட தோல் துண்டுகள் மட்டும் லண்டன் வந்திருந்தபோது, 1901இல் குதிரை இனம் என்று பெயரிட்டார்கள். பிறகு இரண்டு மண்டை ஓடுகள் வந்தன. கீழ்த்தாடையின் கோரைப்பல் இரண்டு மடலாகப் பிளந்திருந்தது. அப்படியொரு பல் ஒட்டகச்சிவிங்கிக் குடும்பத்துக்கு மட்டுமே. குதிரை ஒட்டகச்சிவிங்கியாயிற்று. அந்தப் பல் சிறியது, வெட்டுப்பல்லோடு ஒட்டி நான்காவதாக நிற்பது, ஓடு காய்ந்தால் முதலில் உதிரும் பற்களில் ஒன்று. நிபுணர் கைவிரித்துவிட்டார் என்றால், ஓடு கிடந்த இடத்துக்குத் திரும்பப் போய் இன்னும் ஓரடி அகலத்துக்கு மண்ணைச் சலித்துப் பாருங்கள்.